வாசல் குறுகிய நூலகம்

வாருங்கள், வந்து இந்த அநீதியைக் கண்ணால் பாருங்கள்: எங்கள் ஊர் நூலகத்தின் வாசல் ஆண்டுக்கு ஆண்டு குறுகிக்கொண்டே வந்தது. கட்டிய காலத்தில், ஒரு பீரோவை இருவர் அகலவாட்டில் தூக்கிக்கொண்டு தாராளமாக நுழைந்த வாசல் அது. பீரோக்கள் அப்படித்தான் உள்ளே போயின. பின்னர் எந்நாளும் வெளியே வர முடியாமல் அங்கேயே குடியிருந்தன. சுவர் இடியவில்லை, மரம் உப்பவில்லை, நிலம் அதிரவில்லை. நிலைக்கால்கள் இரண்டும், சமாதானம் பேச வந்த பங்காளிகளைப் போல, ஒன்றையொன்று நோக்கி மெல்ல மெல்ல நகர்ந்தன. தக்காளி விலையைப் பேசும் அதே குரலில் ஊரார் இதையும் பேசினார்கள். இந்த வருடம் இன்னும் ஒரு விரற்கடை போய்விட்டது என்பார் ஒருவர். போன வருடமே என் மச்சானுக்குத் தோள் இடித்தது என்பார் மற்றவர். அதோடு பேச்சு மழைக்குத் தாவிவிடும். அறிவின் வாசல் அடைபடுகிறது. அதை அடைமழையைப் போல ஏற்றுக்கொண்டு குடையை விரிக்கிறது ஓர் ஊர்! இதைவிட ஒரு வழக்கு வேண்டுமா, இதைவிட ஒரு சாட்சி வேண்டுமா?

ஊரார் சும்மா இருந்தார்கள் என்று சொன்னால் பழி வரும்; அவர்கள் பழகிக்கொண்டார்கள். பருத்தவர்கள் தமக்காகப் படித்துவர ஒல்லியான உறவினரை அனுப்பினார்கள். மருமகன் உள்ளே போய்ப் படித்துவிட்டு வந்து கதையைச் சொல்ல, மாமனார் சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கேட்பார். மருமகன்களில் பலர் சோம்பேறிகளாக இருந்தபடியால், எங்கள் ஊரில் பெரிய நாவல்கள் யாவும் பாதியிலேயே முடிந்தன. கதாநாயகர்கள் அனைவரும் திடீர்க் காய்ச்சலில் மாண்டார்கள். கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில், பெண் நூலகத்துக்குள் நேராகப் போவாளா, பக்கவாட்டில் போவாளா என்பது மரியாதையான கேள்வியாயிற்று. தபால் அலுவலக எழுத்தர் ஒருவர், கலைக்களஞ்சியம் படித்தே தீருவது என்ற வெறியில், நெடுங்காலம் அரைவயிற்றோடு கிடந்து உடம்பைக் குறைத்தார். உள்ளே நுழைந்தும் விட்டார். ஆனால் அந்தக் கனத்த தொகுதியைத் தூக்கும் தெம்பு அவரிடம் மிச்சமில்லை. அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

நூலகக் குழுவின் தலைவர் தண்ணீர்க் குழாய் வியாபாரி. நல்ல மனிதர், நல்ல பருமன். தலைவரான பிறகு நூலகத்துக்குள் அவர் காலெடுத்து வைத்ததில்லை, வைக்க வழியில்லை. குழுக் கூட்டங்கள் ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டு நடந்தன. ஒருமுறை தச்சரை அழைத்தார்கள். அவர் நிலையை அறுத்து அகலமாக்கிவிட்டுப் போனார். மறுநாள் காலை அது பழையபடி இருந்தது, அறுத்த தடம்கூட இல்லை. "மரம்னா வேலை செய்வேன், இது மரம் இல்ல, வீம்பு" என்று சொல்லிவிட்டுத் தச்சர் உளிப்பையைச் சுருட்டிக்கொண்டு போனார். வாசலைத் திருத்த முடியாதபோது வருகிறவர்களைத் திருத்துவதுதான் நிர்வாகம் என்று தலைவர் கண்டார். வாசலருகே ஏற்கனவே ஒரு விதிப் பலகை தொங்கியது. அதில் ஆண்டுதோறும் அவர் கைப்பட வரிகள் கூடின. செருப்பில்லாதவர் வரலாகாது, செருப்போடும் வரலாகாது. நனைந்த குடை, தூக்கக் கண், சிரிப்பு, இருமல், மின்விசிறிக் காற்றுக்காக மட்டும் வருகிற எண்ணம், எந்தப் புத்தகம் வேண்டும் என்று சொல்லத் தெரியாத வாய், மீன் வாடை, சிமெண்டு படிந்த கை, யாவும் வெளியே. பலகை பெருத்தது, வாசல் சிறுத்தது. ஊரில் கணக்கு ஆசிரியர்கள் இருந்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டவர் ஒருவரும் இல்லை.

பழைய நூலகர் ஓய்வு பெற்றபோது, புதியவரைத் தேர்ந்தெடுக்கையில், வேலை கேட்டு வந்தவர்களின் பட்டங்களை யாரும் பார்க்கவில்லை. தையற்காரர் ஒருவரை அழைத்து வரிசையாகத் தோள் அளவு எடுத்தார்கள். ஆகக் குறைந்த அளவுக்குரிய இளம்பெண் நூலகர் ஆனார். அளவெடுத்த தையற்காரர், அளவை மறக்க முடியாமல் தவித்து, அடுத்த ஆண்டே அவருடைய கணவர் ஆனார். நூலகர் வேலையை உயிராக மதித்தவர். அவர் தூசி தட்டும்போது புத்தகங்கள் தும்மும். எந்தத் தும்மல் எந்தப் புத்தகத்தினுடையது என்று திரும்பிப் பாராமலே சொல்வார். கடமையில் மயிரிழை தவறாதவர் என்பதால், விதிப் பலகையையும் மயிரிழை தவறாமல் காத்தார். யாரையும் கடிந்து விரட்டியதில்லை. "மன்னிச்சுக்குங்க, பலகையில போட்டிருக்கு" என்று இனிமையாகச் சொல்லித்தான் திருப்பி அனுப்புவார்.

அப்படி அடிக்கடி திரும்பிப் போனவர் சந்தையில் மீன் விற்கும் அம்மா. மீன் சுற்றுவதற்கு எடைக்கு வாங்கிய பழைய தாள்களில் ஒரு நாவலின் சில பக்கங்கள் அவர் கையில் சிக்கின. கடலோர வீட்டுப் பெண் ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது, பெண்ணுக்கு இஷ்டமில்லை, அந்த இடத்தில் தாள் தீர்ந்துவிட்டது. மிச்சக் கதை என்ன ஆயிற்று என்ற ஒரே கேள்வியோடு, வியாபாரம் முடித்த கையோடு அவர் வந்து நிற்பார். நூலகர் பலகையைக் காட்டுவார். "குளிச்சிட்டுத்தான் வந்தேன், இந்த வாடை என் தோலு, கழட்டி வச்சிட்டா வர முடியும்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டு, அவர் பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார்.

இந்த நிலையில் நூலகர் கருவுற்றார். வீட்டில் மகிழ்ச்சி, நூலகத்தில் கவலை. மாதங்கள் ஏற ஏற, பக்கவாட்டில் நுழைவதும் பிரயாசை ஆயிற்று. குழு ஜன்னலடியில் கூடி ஒரு தீர்மானம் போட்டது: நுழைய ஆளில்லாத நூலகம் நூலகமே அல்ல, நூலகரே நுழைய முடியாமற்போகும் நாளில் அது மூடப்படும், கட்டடம் தலைவரின் மைத்துனருடைய குழாய்க் கிடங்காகும். குழாய்கள் மட்டும் எப்படி உள்ளே போகும் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். குழாய்கள் ஒல்லியானவை என்று தலைவர் விளக்கினார். எதையும் மூடுவதற்கு முன் அதைச் சிறப்பிக்க ஒருவரைச் சுற்றுப்பயணம் அனுப்புவது குழுக்களின் குணம். ஆகவே, பிற ஊர் நூலகங்களைப் பார்த்து நல்ல யோசனைகள் திரட்டி வருமாறு நூலகருக்கே பணி ஒப்படைக்கப்பட்டது. நூலகர் மனத்தில் ஒரே யோசனைதான் இருந்தது: வாசல் எப்படிக் குறுகாமல் இருக்கிறது என்று கண்டு வர வேண்டும். கண்டுவந்தால் வேலை நிலைக்கும், நூலகம் நிலைக்கும். கணவர் தம் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்தார். "எல்லா வாசலையும் அள, உன்னை மட்டும் அளந்துக்காத, பயந்துடுவ" என்றார்.

போனார் நூலகர்; பேருந்தில் போனார், ரயிலில் போனார், வயிற்றில் ஒரு கையும் நாடாவில் ஒரு கையுமாக ஊர் ஊராகப் போனார். எங்கே போனாலும் முதலில் நிலைக்காலைத் தட்டிப் பார்த்தார், கீலுக்கு என்ன எண்ணெய் என்று விசாரித்தார், மரத்தை முகர்ந்து பார்த்தார். ஒரு நூலகத்தில், குட்டையான வாசகர்கள் வந்தால் அலமாரிகள் தாமே முழங்கால் மடித்துக் குனிந்து கொடுத்தன. மட்டமான தச்சு வேலை என்று நூலகர் முகம் சுளித்தார். இன்னொன்றில், நெடுநாளாக வராத ஒரு வாசகருடைய நாற்காலி அவருக்காகச் சூடாகவே இருந்தது. வேறொருவர் உட்காரப் போனால் பணிவாக ஓரடி நகர்ந்துகொண்டது. இருக்கை வசதி போதாது என்று எண்ணிக்கொண்டார். மூன்றாவது ஊரில் புத்தகத்தோடு குடையும் இரவல் கொடுத்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார்கள். தாமதமாகத் திருப்பிக் கொண்டுவந்தவரைப் பார்த்து, கதை நன்றாக இருந்ததா என்று கேட்டார்கள். ஒழுங்கு என்பதே கிடையாது என்று நூலகருக்குத் தலை சுற்றியது. ஆனால் அந்த வாசல்கள்! மாட்டு வண்டி போகலாம், மண ஊர்வலம் போகலாம். உங்கள் வாசல் குறுகுவதில்லையா என்று அவர் கேட்டபோதெல்லாம், வாசல் எதற்கு அம்மா குறுகுகிறது என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். நூலகர் விடவில்லை. தேக்கு, நல்லெண்ணெய், பித்தளைக் கீல் என்று மனத்தில் முடிந்துவைத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தார். கண் முன்னே விடையை வைத்துக்கொண்டு கீலுக்கு எண்ணெய் தேடுவது எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே கைவந்த கலை.

கடைசி ஊரின் நூலகம் ஒரு சாதாரணக் கட்டடம். நல்ல வெயில். நூலகர் வாசலில் நின்று, நாடாவின் ஒரு முனையை ஒரு நிலைக்காலில் கட்டை விரலால் அழுத்தி, மறுமுனையை எதிர்க் காலில் பிடித்து, எண்ணை வாசிக்கக் குனிந்தார். உள்ளே மேசையில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அரைத்தூக்கத்தில் இருந்த அந்த ஊர் நூலகர் தலை தூக்கினார். யார், எவர், எங்கிருந்து என்று ஒன்றும் கேட்கவில்லை.

"உள்ள வாங்கம்மா, ஏன் வெயில்ல நிக்கிறீங்க?" என்றார்.

நாடா விரலிலிருந்து நழுவியது. எங்கள் நூலகர் திரும்ப அளந்தார். வாசல் ஒரு மயிரிழை அகன்றிருந்தது. இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்டார். "என்னத்த?" என்றார் அவர். உள்ளே வாருங்கள் என்று சொன்னீர்களே, அதை. அவர் பொறுமையாகச் சொன்னார், வாசல் அசையவில்லை. சொல்லச் சொல்லிச் சொன்ன சொல்லுக்கு அது செவி சாய்க்கவில்லை. அந்நேரம் சேற்றுக் காலோடு ஒரு கட்டட வேலைக்காரர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். "வாங்கண்ணே, காலு அப்புறம் கழுவிக்கலாம், நேத்து விட்ட பக்கம் ஆறிப்போவுது" என்றது உள்ளிருந்து குரல். நூலகரின் கையில் நாடா மறுபடி இழுபட்டது. அவர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். தாம் இனிமையாகத் திருப்பி அனுப்பிய முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். கடமை தவறாத ஊழியர் அல்லவா, நிறைய முகங்கள் இருந்தன.

ஊர் திரும்பியவர் நேராகக் குழாய்க் கடைக்குப் போய், கண்டதைக் கண்டபடி சொன்னார்: வாசல் மரத்தால் குறுகவில்லை, மறுப்பால் குறுகுகிறது, பலகையைக் கழற்றுங்கள், வருகிறவரை உள்ளிருந்து ஒருவர் மனமாரக் கூப்பிடட்டும், அது தானே அகலும். தலைவர் நிதானமாகக் கேட்டார். "ஏம்மா, யோசனை கொண்டுவான்னு அனுப்பினா, என் பலகைமேலயே கை வைக்கிறியே. அதுல ஒவ்வொரு வரியும் ராத்திரி கண்முழிச்சு எழுதினது" என்றார். பிற ஊர்களில் என்ன எண்ணெய் போடுகிறார்கள் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு அனுப்பிவிட்டார். நூலகர் தாமாகவே தொடங்கினார். உள்ளே உட்கார்ந்து தெருவைப் பார்த்து, வாருங்கள் வாருங்கள் என்று அழைத்தார். யாரும் வரவில்லை. வராமலிருக்க அந்த ஊருக்கு எத்தனை காலப் பயிற்சி! யாரும் இல்லாத தெருவை அழைத்தால் வாசல் அசைவதில்லை என்பதையும் நாடா சொன்னது. அப்போது அவருக்கு மீன்கார அம்மாவின் கதை நினைவுக்கு வந்தது. பூட்டிக் கிடந்த பீரோக்களில் அந்த நாவலைத் தேடினார். நெடுநாள் திறக்காததால் அது தும்மவும் மறந்திருந்தது, கண்டுபிடிக்க நாளாயிற்று. கண்டெடுத்து, கடைசி வரை படித்து, மேசைமேல் வைத்தார்.

பிரசவத்துக்கு நாள் நெருங்கிய ஒரு காலை, இன்று நூலகர் நுழைவாரா மாட்டாரா என்று பார்க்க வாசலில் ஊரே கூடியது. பந்தயம் கட்டாதவர் குறைவு. நூலகர் மூச்சை வெளியே விட்டு, கைகளை உயர்த்தி, கணவர் பின்னாலிருந்து ஒத்தாசை செய்ய, துணி இரண்டு இடத்தில் கிழிய, நுழைந்துவிட்டார். கூட்டம் ஆரவாரித்தது. பூட்டும் சாவியும் மைத்துனருமாக வந்திருந்த தலைவருக்கு முகம் வாடியது. "இங்க என்ன வேடிக்கை? போங்க, போங்க, எல்லாரும் போங்க" என்று கையை வீசி அத்தனை பேரையும் விரட்டினார். ஒரு தெரு மக்களை ஒரே மூச்சில் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும்? நிலைக்கால்கள் சட்டென்று ஒரு கையளவு நெருங்கின. இப்போது அந்த இடைவெளியில் ஓர் அட்டைப் புத்தகம் நிமிர்ந்து நுழையலாம். ஆள் நுழைய முடியாது. உள்ளே நூலகர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு வலி எடுத்துவிட்டது.

செவிலியை அழைத்து வந்தார்கள். அவருடைய கை மட்டும் முழங்கை வரை உள்ளே போயிற்று. தச்சர் உளியோடு வந்தார்; சீவச் சீவ மரம் வளர்ந்தது. ஜன்னலில் கம்பி, புத்தகம் திருடு போகாதிருக்கத் தலைவர் போட்ட உறுதியான கம்பி. கணவர் இடைவெளியில் முகத்தை வைத்துப் பேசிக்கொண்டே இருந்தார். என்ன பேசினார் என்று அவருக்கே தெரியவில்லை. விரட்டப்பட்ட ஊர் எட்டத்தில் நின்று பார்த்தது. அதில் முன்வரிசையில் கைகட்டி நின்றவர் மீன்கார அம்மா. நூலகர் அவரைக் கண்டார். உள்ளே வாங்கக்கா என்று கூப்பிட்டார். வாசல் அசையவில்லை. ஏனென்றால் அந்தக் குரலில் வலி இருந்தது, தேவை இருந்தது. வாவென்ற வரவேற்பு இல்லை. மீன்கார அம்மாவும் அசையவில்லை.

"இப்ப மட்டும் என் வாடை உனக்கு மணக்குதா?" என்றார்.

நூலகர் மேசையை எட்டிப் பிடித்துக்கொண்டார். வலி ஒருமுறை வந்து போயிற்று. பிறகு தம்மைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"அவ கல்யாணம் பண்ணிக்கலக்கா. கப்பலேறிப் போயிடுறா."

மீன்கார அம்மாவின் கட்டிய கைகள் அவிழ்ந்தன. "கப்பலா? தனியாவா?"

"தனியாத்தான். போய் என்ன பண்றாங்கறது இன்னும் பாதிப் புத்தகம் இருக்கு. உங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். வந்து படிங்கக்கா."

மரம் முனகியது. மீன்கார அம்மா நடந்து வந்தார். அவர் நடக்க நடக்க நிலைக்கால்கள் விலகின. பருத்த அந்த உடம்பு தோள் உரசாமல் உள்ளே நுழைந்தது. போகிற போக்கில் விதிப் பலகையைக் கழற்றி இடுக்கிக்கொண்டு போனார். உள்ளே போனவர் முதல் காரியமாக வெளியே திரும்பி, "ஏம்மா நர்சு, மரம் மாதிரி நின்னா எப்படி? வா உள்ள" என்றார். அதுவும் வரவேற்புதான், வாசல் அதை ஏற்றுக்கொண்டது. செவிலி நூலகரின் கணவரைக் கூப்பிட்டார், கணவர் தச்சரைக் கூப்பிட்டார், தச்சர் தபால் எழுத்தரைக் கூப்பிட்டார். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய், அடுத்தவரைத் திரும்பி அழைத்தார்கள். கடைசியில் வெளியே நின்றவர் தலைவர் ஒருவரே. அவரை யாரும் கூப்பிடவில்லை. பத்திரிகை மேசைமேல் படுத்திருந்த நூலகர்தான், இரண்டு வலிகளுக்கு இடையே தலையைத் திருப்பி, "உள்ள வாங்கய்யா, ஏன் வெயில்ல நிக்கிறீங்க?" என்றார். தலைவருக்காக வாசல் விலகியபோது முன்சுவரில் கூரை வரை விரிசல் விழுந்தது. அவர் உள்ளே வந்து, யாருக்கும் முகம் கொடுக்காமல் ஒரு மூலையில் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கையில் கிடைத்த புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். பெண் குழந்தை பிறந்தது. அது போட்ட கூச்சல் விதிப்படி பெருங்குற்றம். அலமாரிகளில் இருந்த அத்தனை புத்தகங்களும் ஒருசேரத் தும்மி அந்தக் குற்றத்துக்கு உடந்தையாயின.

அதன் பிறகு வாசல் அகன்றுகொண்டே இருக்கிறது. முன்சுவர் போயிற்று, பக்கத்துத் தேநீர்க் கடை ஒருநாள் காலை நூலகத்துக்குள் இருந்தது, கடைக்காரர் ஆட்சேபிக்கவில்லை, வாடிக்கையாளர்கள் நேற்றைய கதையைக் கேட்டுக்கொண்டே தேநீர் குடிக்கிறார்கள். சென்ற ஆண்டு குழாய்க் கடையும் உள்ளே வந்துவிட்டது. கடைக்குப் போக வேண்டுமானால் வரலாற்று நூல்களைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று தலைவர் அலுத்துக்கொள்கிறார். தாண்டும்போது ஒன்றை எடுத்துப் புரட்டாமல் போவதும் இல்லை, இப்போதெல்லாம் நேராகத்தான் பிடிக்கிறார். மீன்கார அம்மா அந்த நாவலை முடித்து, அந்தப் பெண் செய்தது சரிதான் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். அவர் மீன் வெட்டுவது விதிப் பலகையின் மீது. செதில்களுக்கு அடியில் இன்னும் சில எழுத்துகள் தெரியும். வீட்டில் தூங்கி நூலகத்தில் விழிப்பவர்கள் எங்கள் ஊரில் உண்டு. போர்வையை மடித்து வைத்துவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று நாளிதழைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இனி உங்கள் முறை. உங்கள் ஊரிலும் ஒரு வாசல் இருக்கிறது: நூலகமோ, பள்ளியோ, அலுவலகமோ, வீடோ. இன்றே ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு போய் அதை அளந்து பாருங்கள். பக்கத்தில் தொங்கும் பலகையையும் அளந்து பாருங்கள். பலகை பெரிதாக இருந்தால் தச்சரைத் தேடாதீர்கள், எண்ணெய் விசாரிக்காதீர்கள், குழு கூடும் என்று காத்திருக்காதீர்கள். பலகையைக் கழற்றுங்கள். உள்ளே போங்கள். போனதும் உட்கார்ந்துவிடாமல் திரும்பி நில்லுங்கள். வெயிலில் நிற்பவர் யாரென்று பாருங்கள். அவருக்கு எந்தக் கதையின் மிச்சம் வேண்டும் என்று கேளுங்கள். கேட்டு, உள்ளே கூப்பிடுங்கள்.